இறங்கி வராத கோடு

என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். காலையில் அரிமளத்தில் கிளம்பி, புதுக்கோட்டை, கீரனூர் வழியாகத் திருச்சிக்குப் போய், மத்தியானம் அங்கே இளைப்பாறிவிட்டு, சாயங்காலம் அதே வழியில் திரும்புகிற தனியார் பஸ். தம் வண்டி போகிற நேரத்தைப் பார்த்துத்தான் கடிகாரம் இல்லாத வீடுகளில் உலை வைக்கிறார்கள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார். யார் வீட்டில் வைத்தார்களோ, எனக்குத் தெரியாது. நான் பசித்தால் வைப்பேன்.

நல்ல மனிதர், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. என்னைக் கேட்கிற கேள்விக்கெல்லாம் அவரே பதில் சொல்லிவிடுவார். வளையல்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன அளவு தாயி?" என்று கேட்டால், "ரெண்டேகால் போடுங்க" என்பார் இவர். கல்யாண வீட்டுப் பந்தியில், "இன்னும் கொஞ்சம் சோறு?" என்று என் இலைக்கு நேரே குனிந்து கேட்டால், ஆம்பளைப் பந்தியிலிருந்து இவர் குரல் வரும்: "அவளுக்குப் போதும்!" எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வீட்டுக்கு வந்து சண்டை போட்டால், "ஒனக்குக் கூச்சமா இருக்குமேன்னு சொன்னேன் புள்ள" என்பார். எனக்கா கூச்சம்? பெண் பார்க்க வந்த அன்றே, காபியில் சர்க்கரை போதுமா என்று நானே அவரைக் கேட்டவள். அதற்கும் அவர் அப்பாதான் பதில் சொன்னார். பரம்பரை வியாதி.

கல்யாணமாகிச் சில வருஷங்களில், அறுபதுகளின் பின்பாதியில், எனக்கு இடது விலாவுக்குக் கீழே ஒரு வலி வந்தது. வலி என்றால் சாதாரண வலி இல்லை. மகளைப் பெற்றபோது பட்டதெல்லாம் இதற்கு உறை போடக் காணாது. வந்தால் தரையில் உருளுவேன். போய்விட்டால் ஒன்றுமே நடக்காததுபோல எழுந்து மாவாட்டுவேன். புதுக்கோட்டை டாக்டர் எக்ஸ்ரே எடுத்து, இடது சிறுநீரகத்தில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கல் உட்கார்ந்திருப்பதைக் காட்டினார். கல் இருப்பது தெரிகிறது, அந்தக் கிட்னி உயிரோடு இருக்கிறதா என்பது தெரியவில்லை என்றார். அதைப் பார்ப்பதற்காக ஒரு சாய மருந்தை ஊசியில் ஏற்றினார்கள். ஏற்றின மாத்திரத்தில் உடம்பெல்லாம் தடித்து, வாந்தியெடுத்து, நர்ஸம்மாவின் வெள்ளைப் புடவையையும் நாசமாக்கினேன். அதோடு அந்த வழி அடைபட்டது.

"பட்டணத்துல புதுசா ஒரு டெஸ்ட் இருக்கு" என்றார் டாக்டர், வழக்கம்போல இவரைப் பார்த்து. "கதிர் விடுற மருந்து. அதைக் கொஞ்சூண்டு ஊசியில போட்டா, கிட்னி அதை என்ன பண்ணுதுன்னு மெஷினே எழுதிக் காட்டிடும். இடது பக்கம் வேலை செஞ்சா, கல்லை மட்டும் எடுப்பாங்க. செத்துப் போயிருந்தா கிட்னியையே எடுத்துருவாங்க. ஆனா எது பண்ணணும்னாலும் வலது பக்கம் நல்லா இருக்கணும். அது முக்கியம்."

இவ்வளவுதான் விஷயம். என் இடது கிட்னி இருக்குமா போகுமா, வலதை நம்பி என் மேல் கத்தி வைக்கலாமா கூடாதா. மூன்று வயது மகளை வைத்துக்கொண்டு இருந்தவளுக்கு அது சின்ன விஷயமா?

கதிர் மருந்து என்ற சொல் எங்கள் தெருவுக்குள் நுழைந்ததும் அணுகுண்டாக மாறிவிட்டது. "ஏத்தா, அந்த ஊசி போட்டா ராத்திரியில ஒடம்பு மின்னுமாமே?" என்று ஒருத்தி வந்து கேட்டாள். "நல்லதுதான் போ. மண்ணெண்ணெய் மிச்சம்" என்றேன். வாய்தான் அப்படிச் சொன்னது. மகளைக் கீரமங்கலத்தில் என் ஆத்தாவிடம் விட்டுவிட்டு வரும்போது, தோப்பு முனைவரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன். அது பாட்டுக்குத் தென்னங்குரும்பையை வைத்துத் தேர் செய்துகொண்டு இருந்தது.

பட்டணத்துக்கு எங்களுக்குப் பயணம் பஸ்ஸில்தான். கண்டக்டர் குடும்பம் என்றால் மற்ற கம்பெனிக்காரர்களும் முன் ஸீட்டைக் கொடுத்து மரியாதை பண்ணுவார்கள். ரயிலை இவருக்குப் பிடிக்காது, அதில் விசில் வேறொருவர் கையில் இருக்கிறது. பம்பாயிலிருந்து அந்த மருந்து விமானத்தில் வருகிற நாளுக்குச் சரியாக எங்களை வரச் சொல்லியிருந்தார்கள். பங்குனி வெயில். காலையில் இவருடைய பஸ்ஸிலேயே திருச்சி, அங்கிருந்து சாயங்காலம் பட்டணத்து பஸ், விடிந்ததும் நேரே ஆஸ்பத்திரி.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் பஸ் ஏறுகிற அன்றைக்குப் பெண்கள் தண்ணீர் குடிப்பதில்லை. இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததாக ஞாபகம் இல்லை. கீரனூரில் டீ குடிக்க வண்டி நிற்கும். ஆண்கள் எல்லோரும் இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அங்கிட்டு ஒரு வேலியோரம் போய்விட்டு வந்து, நிதானமாக டீயும் வடையும் சாப்பிடுவார்கள். பெண்கள் ஸீட்டிலேயே உட்கார்ந்து, முந்தானையால் விசிறிக்கொண்டு, எதிர்க் கடைச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்போம். எங்கே இறங்குவது? எந்த வேலிக்குப் பின்னால் போவது? ஆகவே முதல் நாள் சாயங்காலத்திலிருந்தே சொம்பைத் தொட மாட்டோம். முடிந்தது விஷயம்.

என் வீட்டுக்காரருக்கு இதெல்லாம் தெரியாது. அன்றைக்கு அவருக்கு என் மேல் பாசம் பொங்கி வழிந்தது. கீரனூரில் ஒரு சோடா. திருச்சியில் ஒரு ஆரஞ்சுக் கலர். விழுப்புரத்தில் ஒரு காபி. ஒவ்வொன்றையும் ஜன்னல் வழியாக நீட்டி, "குடி புள்ள, புழுக்கம் கொல்லுது" என்பார். நானும் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொள்வேன். அவர் தலை அங்கிட்டுத் திரும்பியதும், சோடா பக்கத்து ஸீட்டுப் பிள்ளைக்கு, கலர் ஜன்னல் வழியாக ரோட்டுக்கு, காபி பின் ஸீட்டு ஆச்சிக்கு. ஆச்சியும் கையை ஆட்டி வேண்டாம் என்றுவிட்டாள், அவளும் பொம்பளை ஜாதிதானே. அதுவும் ரோட்டுக்குப் போயிற்று. காலி டம்ளரைப் பார்த்து இவருக்குப் பூரிப்பு. கட்டுச்சோற்றில் நான் தின்றதும் இரண்டு வாய்தான்.

ஆஸ்பத்திரியில் எங்களுக்கு வாய்த்த டாக்டர் இளவயதுக்காரர், கலகலப்பானவர். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்துக்கொண்டு, அதையே மேஜையில் தேடுகிற ரகம். முதலில் ஒரு நர்ஸ், பழுப்பு மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஒரு மடக்குத் தண்ணீரில் விட்டுக் கொடுத்தாள். சாதா அயோடின் என்றாள். ஊசியில் வரப்போகிற கதிர் மருந்திலும் அயோடின்தான் இருக்கிறதாம். கழுத்தில் இருக்கிற சுரப்பிக்கு அயோடின் என்றால் உயிராம், பந்திக்கு முந்துகிற ஆள்மாதிரி வழியிலேயே பிடித்து வைத்துக்கொள்ளுமாம். அதனால் அதற்கு முன்கூட்டியே சாதா அயோடினைப் பரிமாறி வயிற்றை நிரப்பிவிட்டால், கதிர் மருந்தை அது சீண்டாது. இதைக் கேட்க எனக்கு வேடிக்கையாக இருந்தது. என் கழுத்துக்குள் எனக்குத் தெரியாமல் இப்படி ஒரு சொந்தக்காரர் இருந்திருக்கிறார்.

பிறகு டாக்டர் வந்தார். இவரைப் பார்த்துக் கேட்டார்.

"தண்ணி நல்லாக் குடிச்சாங்களா? இந்த டெஸ்ட்டுக்கு அது வேணும்."

"குடிச்சா சார்! ஸ்டாப்புக்கு ஸ்டாப் என் கையாலயே வாங்கிக் குடுத்துக் கொண்டாந்திருக்கேன்."

"இன்னும் ரெண்டு டம்ளர் குடுங்க. அப்புறம் அரை மணி நேரம் அசையாம உட்காரணும்."

இவர் போய் இரண்டு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டு, கையெழுத்துப் போடக் கூப்பிட்டார்கள் என்று போனார். எனக்கு அரை மணி நேரம் அசையக்கூடாது என்பது மட்டும்தான் காதில் நின்றது. ஆம்பளை டாக்டருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது அவசரம் வந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? வராந்தாவில் குரோட்டன்ஸ் செடி ஒன்று வாடிப்போய் நின்றது. இரண்டு டம்ளரும் அதற்குப் போயிற்று. செடி என்னை வாழ்த்தியிருக்கும்.

மெஷின் அறையில் என்னை ஒரு முக்காலியில் உட்கார வைத்து, நர்ஸ் முதுகில் இரண்டு இடத்தில் மையால் அடையாளம் போட்டாள். பின்னால் ஈயக் கவசம் போட்ட இரண்டு குழாய்களை நகர்த்திக் கொண்டுவந்து, இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என்று நேராக நிறுத்தினாள். பக்கத்தில் ஒரு பெட்டி. அதிலிருந்து கோடு போட்ட காகிதம் மெல்ல மெல்ல வெளியே வந்துகொண்டிருந்தது. அதன் மேல் இரண்டு பேனா, பிடிக்கிற கை இல்லாமல். கையில் ஊசி போட்டதும் இரண்டு பேனாவும் விருட்டென்று துள்ளின. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அசையாதீங்க" என்று அதட்டினாள் நர்ஸ். இரண்டும் மேலே ஏறின, ஏறின, உச்சிக்குப் போய் அப்படியே நேராகப் போய்க்கொண்டிருந்தன. அழகாகத்தான் இருந்தது. இவ்வளவு உயரம் போகிறதே, நல்ல மார்க் வாங்கியிருப்போம் என்று நினைத்தேன்.

முடிந்ததும் நர்ஸ் ஒரு சாவியைக் கையில் கொடுத்து, வராந்தாக் கோடியில் இருந்த ஒரு கதவைக் காட்டினாள். கதவில் மூன்று இதழ் விரித்த மாதிரி ஒரு படம் வரைந்திருந்தது. "ஊசி போட்டவங்களுக்கு மட்டும் இந்தக் கழிப்பறை. மருந்து ஒண்ணுக்கோடதான் வெளிய போகும், வேற எங்கயும் போகக் கூடாது. உள்ள தாப்பாள் இருக்கு." என் ஒண்ணுக்குக்கு ஒரு தனி அறை, அதற்குப் பூட்டு, அதற்கு ஒரு சாவி! திறந்து பார்த்தால் அப்படி ஒரு சுத்தம். இவ்வளவு மரியாதையை வீணாக்குகிறோமே என்று எனக்கே வருத்தமாக இருந்தது, ஏனென்றால் போவதற்கு என்னிடம் ஒன்றுமே இல்லை.

திரும்பி வந்தபோது, வராந்தா பெஞ்சில் இவர் உட்கார்ந்திருந்தார். முகம் கறுத்துப்போயிருந்தது.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"ஒண்ணுமில்ல. நீ சாப்புட்டியா?"

"எப்ப சாப்புட்டேன்? ஒண்ணுமில்லைன்னா மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"அதெல்லாம் ஆம்பளைங்க பாத்துக்குறோம்."

"ஏங்க, வயித்துக்குள்ள இருக்கறது என்னோடது. சொல்லுங்க."

அவ்வளவுதான். ஓடுகிற பஸ்ஸில் படிக்கட்டில் ஒற்றைக் கையால் தொங்குகிற மனிதர், துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். இரண்டு பக்கமும் சரியில்லையாம். மருந்து உள்ளே போனது வெளியே வரவே இல்லையாம். வலது பக்கமும் இப்படி இருந்தால் ஆபரேஷனை யோசிக்கவே முடியாதாம். ஊருக்குப் போய்ப் பத்தியமாக இருந்து பார்க்க வேண்டியதுதானாம்.

நானும் பயந்தேன், நன்றாகவே பயந்தேன். தென்னங்குரும்பைத் தேர் கண்ணுக்கு முன்னால் வந்தது. ஆனால் எனக்குப் பயம் வந்தால் பின்னாலேயே கோபம் வந்துவிடும். எனக்கு வலிப்பது இடது பக்கம். வலது பக்கம் ஒருநாளும் ஒரு முனகல்கூட முனகியதில்லை. அதை எப்படி இந்தப் பெட்டி கெட்டுப்போனது என்று சொல்லலாம்? எழுந்து நேரே டாக்டர் அறைக்குப் போனேன். "ஏய், ஏய், இங்கிட்டு வா, சும்மா இரு" என்று இவர் பின்னால் ஓடிவந்தார்.

"சார், அந்த ரெண்டு பேனா என்ன எழுதுச்சுன்னு எனக்குச் சொல்லுங்க."

டாக்டர் இவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். காகிதச் சுருளை மேஜையில் விரித்தார். நல்ல மனிதர், பாடம் எடுக்கிறமாதிரியே சொன்னார்.

"உங்க ஊர்ல கண்மாய் இருக்கில்லம்மா? வரத்துக்கால் வழியா தண்ணி வரும், மடை வழியா வெளிய போகும். கிட்னியும் அப்படித்தான். நான் ஊசியில போட்ட மருந்தை ரத்தம் கொண்டுவந்து கிட்னியில விடும். கிட்னி அதை உடனே பிடிச்சு இழுத்து, மூத்திரத்துல சேத்து, கீழே அனுப்பும். அந்த மருந்துல இருக்கற அணு உடையும்போது, கண்ணுக்குத் தெரியாத ஒரு கதிர் உடம்பைத் தாண்டி வெளிய வரும். முதுகுக்குப் பின்னால வெச்ச குழாய் அதை எண்ணும். கிட்னியில மருந்து சேரச் சேர பேனா ஏறும். மருந்து மூத்திரத்தோட வெளிய போகப் போக, பேனா இறங்கும். நல்ல கிட்னின்னா கொஞ்ச நேரத்துலயே உச்சிக்குப் போயி, மளமளன்னு இறங்கிடும். இங்க பாருங்க, உங்களுக்கு ரெண்டும் ஏறுது. இறங்கி வரலை."

நான் அந்தக் கோடுகளைப் பார்த்தேன். ஏறி, மேலே போய், அப்படியே நகராமல் நிற்கின்றன.

"மடையில அடைப்பு இருந்தாத்தான் இப்படி நிக்குமா சார்? வெளிய போக தண்ணியே இல்லைன்னா?"

"தண்ணி இல்லைன்னாலும் நிக்கும்தான். உடம்பு வறண்டு கிடந்தா கிட்னி சொட்டு மூத்திரத்தையும் விடாது, மருந்து உள்ளயே தங்கிடும். அதனாலதானே முதல்லயே கேட்டேன், தண்ணி குடிச்சாங்களான்னு."

"கேட்டீங்க சார். அவரைக் கேட்டீங்க."

டாக்டர் இவர் பக்கம் திரும்பினார், நானே தொடர்ந்து சொன்னேன்.

"அரிமளத்துல பஸ் ஏறுனதுக்கு முந்தின சாயங்காலம் குடிச்சது. அதுக்கப்புறம் அந்த அயோடின் மடக்கு ஒண்ணுதான்."

டாக்டர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி என்னைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் குறுக்கே வந்தார்.

"சோடா வாங்கிக் குடுத்தேனே?"

"பக்கத்து ஸீட்டுப் புள்ளைக்குக் குடுத்தேன்."

"கலரு?"

"ரோட்டுல."

"காப்பி?"

"அதுவும் ரோட்டுல."

"இப்ப, ரெண்டு டம்ளரு தண்ணி, என் கையால..."

"வெளிய அந்தக் குரோட்டன்ஸைப் போயிப் பாருங்க, தெளிஞ்சு நிக்கும்."

டாக்டர் மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார் பாருங்கள், நர்ஸ் என்னமோ ஏதோ என்று ஓடிவந்தாள். இவர் மட்டும் சிரிக்கவில்லை. "ஏன் புள்ள? கிறுக்காடி ஒனக்கு? ஏன்?" என்றார்.

எனக்கு அப்போதும் கோபம் தீரவில்லை. "ஏனா? இத்தனை வருசமா அந்த ரோட்டுல விசில் ஊதுறீங்களே, கீரனூர்ல வண்டி நின்னா ஒரு பொம்பளை இறங்கிப் பாத்திருக்கீங்களா? ஒருத்தி? எங்களுக்கெல்லாம் ஒடம்பு இல்லையா, இல்ல கிட்னிதான் இல்லையா?"

என்னைக் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னவர், அவரைக் கேட்ட கேள்விக்குத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இன்றைக்கு உடம்பில் இருக்கிற மருந்து போய்விடட்டும், பம்பாயிலிருந்து அடுத்த பார்சல் வந்ததும் மறுபடியும் பார்ப்போம் என்றார் டாக்டர். இவர் குரலைத் தாழ்த்தி, "சார், அந்த அணு... புள்ளை இருக்கு வீட்டுல..." என்று இழுத்தார். பயப்பட வேண்டாம், போட்டது துளியூண்டு, தண்ணீரைக் குடித்தால் பெரும்பங்கு உடனே ஒண்ணுக்கோடு கழுவிக்கொண்டு போய்விடும், மிச்சசொச்சமும் நாளாக ஆகத் தானே தேய்ந்துவிடும் என்று டாக்டர் சொன்னார். இந்தக் கல்லும் தண்ணீர் குடிக்காமல்தான் வந்ததா என்று இவர் கேட்டார். வெயில் ஊர், தண்ணீரை அடக்குகிற பழக்கம், அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று பதில் வந்தது. வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் இவர் என்னைக் கேட்டார்.

"ஒன் ஆத்தாவும் இப்படித்தானா? கீரமங்கலத்துலருந்து நம்ம வீட்டுக்கு வரும்போதெல்லாம்?"

"எல்லாருந்தான்."

"நான் பாக்கவே இல்லையே புள்ள" என்றார். அந்தக் குரலைக் கேட்டு என் கோபம் இறங்கிவிட்டது.

அடுத்த பார்சல் வரும்வரை ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு சத்திரத்தில் தங்கினோம். அந்த நாட்களில் நான் பட்ட பாடு இருக்கிறதே! சொம்பும் கையுமாக இவர் என் தலைமாட்டிலேயே நின்றார். இப்போது தாமே பதில் சொல்வதை விட்டுவிட்டு, கேள்வியாகக் கேட்டுத் துளைத்தார். "குடிச்சியா? நெசமாக் குடிச்சியா? எங்க, வாயத் திற." சத்திரத்தில் இருந்த பூந்தொட்டியைத் தூக்கி எதிர்ப்பக்கம் வைத்துவிட்டார். நான் நடந்தால் வயிற்றுக்குள் தளும்புகிற சத்தம் எனக்கே கேட்டது.

இரண்டாம் முறை, ஊசிக்கு முன்னாலேயே நர்ஸ் அந்தச் சாவியை என் கையில் கொடுத்துவிட்டாள். "உங்ககிட்டயே இருக்கட்டும்கா. எப்ப வேணும்னாலும் எந்திரிச்சுப் போயிட்டு வாங்க, மெஷினை அப்புறம் பாத்துக்கலாம்." அதை முந்தானையில் முடிந்துகொண்டு முக்காலியில் உட்கார்ந்தேன். மனசு எவ்வளவு லேசாக இருந்தது தெரியுமா? சிரிப்பதாக இருந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், அந்தச் சாவியைப்போல எந்த நகையும் எனக்குத் தைரியம் கொடுத்ததில்லை.

டாக்டர் இவரையும் உள்ளே வந்து நிற்க அனுமதித்தார். ஊசி போட்டதும் இரண்டு பேனாவும் துள்ளின. ஏறின. வலது பக்கத்துப் பேனா விறுவிறுவென்று உச்சிக்குப் போயிற்று. போய், ஒரு கணம் நின்று, திரும்பியது. இறங்க ஆரம்பித்தது. சறுக்குமரத்தில் சறுக்குவதுபோல இறங்கி வந்தது. "வந்துருச்சு, வந்துருச்சு" என்று இவர் வாய்விட்டே சொன்னார்.

இடது பக்கம் அப்படி இல்லை. அந்தப் பேனா தயங்கித் தயங்கி ஏறியது. வலது இறங்கின பிறகும் ஏறிக்கொண்டே இருந்தது. மேலே போய் அப்படியே நின்றது. காகிதம் ஓடிக்கொண்டே இருக்கிறது, கோடு இறங்கவில்லை. என் முதுகெல்லாம் வியர்த்துவிட்டது. அசையக்கூடாது என்பதால் கண்ணை மட்டும் திருப்பி இவரைப் பார்த்தேன். கையிரண்டையும் கட்டிக்கொண்டு அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கோடு மெல்லச் சாய்ந்தது. முதலில் எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதோ என்று நினைத்தேன். இல்லை, சாய்ந்துதான் வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக, கஞ்சத்தனமாக, ஆனாலும் கீழே வந்தது.

"உயிர் இருக்கும்மா" என்றார் டாக்டர். இந்த முறை என்னைப் பார்த்துத்தான் சொன்னார். "மருந்தை இழுத்திருக்கு, கல்லு குறுக்கே உட்கார்ந்திருக்கறதால கஷ்டப்பட்டு அனுப்புது. கல்லை மட்டும் எடுத்தாப் போதும். கிட்னி உங்களோடயே இருக்கட்டும்."

நான் எழுந்ததும் முதல் வேலையாக அந்தக் கதவைத் தேடி ஓடினேன். இந்த முறை அந்த மரியாதைக்கு நான் குறையே வைக்கவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தையல் ஆறும்வரை அங்கேயே இருந்துவிட்டு, உடம்பு தேறி ஊருக்குக் கிளம்பினோம். திருச்சியில் இவருடைய வண்டியிலேயே ஏறினோம். இவர் லீவில் இருந்ததால் வேறொரு கண்டக்டர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். கீரனூரில் வண்டி நின்றது. ஆண்கள் இறங்கினார்கள். பெண்கள் ஸீட்டிலேயே உட்கார்ந்து, எதிர்க் கடைச் சுவரைப் பார்த்துக்கொண்டு, முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார்கள்.

இவரும் இறங்கினார். டீ குடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். டீக்கடைக்குள் போய், கடைக்காரரோடு என்னமோ பேசினார். கடைக்குப் பின்னால் இருந்த அவர்கள் வீட்டுக்குள் போனார். திரும்பி வந்து பஸ் படிக்கட்டில் ஏறி நின்றுகொண்டார். நெற்றியெல்லாம் வியர்வை. கழுத்து சிவந்துபோயிருந்தது. என்னோடு ரோட்டில் சேர்ந்து நடக்கவே கூச்சப்படுகிற மனிதர், பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"பொம்பளைங்க எல்லாம் எறங்கலாங்க. கடைக்காரர் வீட்டம்மாக்கிட்ட சொல்லியிருக்கேன். பின்னால மறைப்பு இருக்கு, கதவு இருக்கு, தாப்பாளு இருக்கு. எல்லாரும் போயிட்டு வர்ற வரைக்கும் வண்டி நகராது."

ஒருத்தரும் அசையவில்லை. ஒரு பெண் தலையைக் குனிந்துகொண்டாள். இன்னொருத்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். டிரைவர், "யோவ், மணி என்னாச்சு?" என்றார். இவர் காதில் வாங்கவில்லை. அந்தக் கண்டக்டர் கையில் இருந்த விசிலைப் பிடுங்கித் தம் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, படிக்கட்டை விட்டு விலகி வழிவிட்டு நின்றார்.

நான் எழுந்தேன். தையல் இன்னும் இழுத்துக்கொண்டிருந்ததால் கம்பியைப் பிடித்து மெல்லத்தான் இறங்கினேன். கடையைச் சுற்றிக்கொண்டு அந்தக் கதவு வரைக்கும் போய்த் திரும்பிப் பார்த்தால், எனக்குப் பின்னால் ஒரு வரிசையே நிற்கிறது. கைப்பிள்ளையோடு ஒருத்தி, பள்ளிக்கூட டீச்சர்போல ஒருத்தி, கடைசியில் காலிக் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஒரு பூக்காரி. ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல் நின்றார்கள். அப்புறம் யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள், எல்லோரும் சிரித்துவிட்டோம்.

"யாரு தாயி அந்த மனுசன்?" என்று என்னைக் கேட்டாள் பூக்காரி.

"எங்க வீட்டுக்காரரு" என்றேன். அன்றைக்கு அதைச் சொல்ல எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

எல்லோரும் போய்வந்து ஏறினோம். அந்தப் பூக்காரி மட்டும் ஏறாமல் டீக்கடை வாசலில் நின்றாள். டிரைவர் ஹாரனில் கையை வைத்தார். இவர் கையைக் காட்டித் தடுத்தார். அவள் கடைப் பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு, பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் பார்க்க, நின்ற நிலையில், ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு வந்து ஏறினாள்.